தைராய்டு கட்டி: புதிய ஸ்கேன்கள் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

நல்ல அல்ட்ராசவுண்ட் கருவியால் கழுத்தை ஸ்கேன் செய்தால், வளர்ந்தவர்களில் ஏராளமானோருக்குத் தைராய்டில் ஏதாவது ஒரு கட்டி தென்படும். எத்தனை பேருக்கு என்று கேட்டால் ஆய்வுகள் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. 100 பேரில் 19 பேர் என்பதில் தொடங்கி 68 பேர் வரை போகிறது. வயது ஏற ஏற அதிகமாகும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் கையால் தொட்டே உணரக்கூடிய கட்டி 100 பேரில் நான்கைந்து பேருக்குத்தான் இருக்கும். மற்றவை எல்லாம் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக மாட்டியவை. கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்க டாப்ளர் எடுத்திருப்பார்கள், நெஞ்சுக்கு சி.டி. எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'தைராய்டில் கட்டி' என்று இருக்கும். அன்றிலிருந்து தூக்கம் போய்விடும்.

இந்தக் கட்டிகளில் புற்றுநோயாக இருப்பவை எத்தனை? அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலின்படி 100க்கு 7 முதல் 15 வரை. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை பாப்பில்லரி வகை. அது மெதுவாக வளர்வது, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவது.

ஆகவே தைராய்டு விஷயத்தில் கட்டியைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. கண்டுபிடித்தவற்றில் எதைத் தொடாமல் விடலாம் என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம். புதிய ஸ்கேன் தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்படும்போது 'இது எவ்வளவு சின்னக் கட்டியைக் காட்டும்?' என்று கேட்பதில் பயனில்லை. 'இதனால் எத்தனை பேர் தேவையற்ற ஊசியிலிருந்தும் கத்தியிலிருந்தும் தப்புவார்கள்?' என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கப்போகிறேன்.

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தென் கொரியாவில் நடந்தது நல்ல சாட்சி. அங்கே 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு கூடுதல் கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனையும் மருத்துவமனைகள் எடுத்துக் கொடுத்தன. 2011இல் அந்நாட்டில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்காகியிருந்தது. அந்த நோயால் இறப்போர் விகிதமோ அப்படியே இருந்தது. அதாவது ஆயிரக்கணக்கானவர்களுக்கு, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராமல் இருந்திருக்கக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்து, சுரப்பியையே அறுத்து எடுத்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 15,000 பேருக்கும் மேற்பட்டோரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டுக் கால்சியம் குறையும் நிலை ஏற்பட்டிருந்தது, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. சுரப்பியை முழுதாக எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும். 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே இதை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு அறுவைச் சிகிச்சைகள் மளமளவென்று குறைந்தன.

ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை வேறு வழியில் போனது. ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான பாப்பில்லரி புற்றுநோய் என்று உறுதியான பிறகும், உடனே அறுக்காமல் கண்காணித்துப் பார்ப்பதை 1993இலேயே தொடங்கினார்கள். அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014இல் எழுதினார்கள். பத்து ஆண்டுகளில் சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி பெரிதாகியிருந்தது. தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. கண்காணிப்பதற்குக் கையில் இருந்த கருவி சாதாரண அல்ட்ராசவுண்ட்தான்.

அதனால் முதலில் அந்தச் சாதாரண அல்ட்ராசவுண்டைப் புரிந்துகொள்வோம். புதியவை எல்லாம் அதன் தோளில் ஏறி நிற்பவை.

மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலி. ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும் தைராய்டு ஸ்கேனில் பயன்படுவது ஏறத்தாழ 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 70 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. தைராய்டு தோலுக்கு அடியிலேயே, மூச்சுக்குழாயின் முன்னால் இருப்பதால் ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கட்டியைக்கூட அது காட்டுவது இதனால்தான். கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது.

ஸ்கேன் அறையில் ரேடியாலஜிஸ்ட் பார்ப்பது கட்டியின் அளவை மட்டும் அல்ல, அதன் குணத்தை. கட்டி திடமா, உள்ளே நீர் கோத்திருக்கிறதா? நீர்க்கட்டியும், பஞ்சுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள் நிறைந்ததும் பெரும்பாலும் சாது, அதாவது புற்றுநோய் அல்லாதது. சுற்றியுள்ள தைராய்டைவிட அது கறுப்பாகத் தெரிகிறதா? செல்கள் நெருக்கியடித்துக் கிடந்து, ஹார்மோனைச் சேமித்துவைக்கும் கூழான கொல்லாய்டு குறைந்துபோனால் எதிரொலி குறையும், படம் கறுக்கும். குறுக்குவாட்டுப் படத்தில் அகலத்தைவிட உயரம் அதிகமா? சாதுவான கட்டி திசுக்களின் அடுக்குகளை ஒட்டிப் படர்ந்து வளரும். கெட்டது அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக வளரும் என்று விளக்கம் சொல்வார்கள். விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறதா, பிசிறடிக்கிறதா? உள்ளே பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா? பாப்பில்லரி புற்றுநோயில் நுண்ணிய கால்சிய உருண்டைகள் உருவாவதுண்டு, அவை இப்படிப் புள்ளிகளாகத் தெரியும். அதே மாதிரியான வெள்ளைப் புள்ளிக்குப் பின்னால் வால்நட்சத்திரம்போல ஒரு நீண்ட வால் விழுந்தால் அது பெரும்பாலும் உறைந்த கொல்லாய்டு, நிம்மதி தரும் அடையாளம். இரண்டுக்கும் ஒரு வால்தான் வித்தியாசம். பழகிய கண்ணும்கூட இங்கே தடுமாறுவதுண்டு.

இந்த அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறைக்கு டைராட்ஸ் என்று பெயர். பல நாடுகளில் பல வடிவங்கள் உண்டு. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017இல் வெளியிட்டது பரவலாகப் புழங்குகிறது. அதை வைத்து ஒரு ரிப்போர்ட்டைப் படித்துப் பார்க்கலாம்.

'வலது மடலின் நடுப்பகுதியில் 12 x 9 x 14 மி.மீ. அளவில், திடமான, ஹைப்போஎக்கோயிக் கட்டி. விளிம்பு சீராக உள்ளது. கால்சியப் புள்ளிகள் இல்லை.'

அகலம் 12, முன்பின்னான உயரம் 9, நீளம் 14. திடமாக இருப்பதற்கு 2 மதிப்பெண். ஹைப்போஎக்கோயிக், அதாவது கறுப்பாகத் தெரிவதற்கு 2. உயரத்தைவிட அகலம் அதிகம், ஆகவே வடிவத்துக்குச் சுழியம். விளிம்பு, புள்ளிகள் இரண்டுக்கும் சுழியம். மொத்தம் 4. இது நான்காம் பிரிவு, சுமாரான சந்தேகம். இந்தப் பிரிவில் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஊசியால் செல் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். 10 மி.மீ. எட்டினால் கண்காணிப்பு. பெரிய அளவு 14தான், ஆகவே ஊசி வேண்டாம், அடுத்த ஆண்டு மறுபடி ஸ்கேன்.

இப்போது அதே கட்டியில் 'பொடிப் புள்ளிகள் உள்ளன' என்று மட்டும் மாற்றி எழுதியிருந்தால்? அதற்கு 3 மதிப்பெண். மொத்தம் 7, ஐந்தாம் பிரிவு. அங்கே 10 மி.மீ. இருந்தாலே ஊசி. ஒரே ஆள், ஒரே கட்டி, ஒரே அளவு. நான்கைந்து வெள்ளைப் புள்ளிகளை ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்பதில் முடிவே மாறிவிடுகிறது. அல்ட்ராசவுண்டின் பலம், பலவீனம் இரண்டும் இதற்குள் இருக்கிறது. இந்த முறையை உருவாக்கப் பயன்பட்ட தரவுகளில், ஒன்று, இரண்டாம் பிரிவுகளில் புற்றுநோய் 2 சதவீதத்துக்கும் கீழே, மூன்றாவதில் சுமார் 5 சதவீதம், நான்காவதில் 9, ஐந்தாவதில் 35. மிக மோசமான பிரிவில் விழுந்த கட்டிகளிலேயே மூன்றில் இரண்டு பங்கு புற்றுநோய் அல்ல என்பதைக் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் 5 என்ற எண்ணைப் பார்த்ததும் நிலைகுலைந்துபோகிறவர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

ஊசி என்றால் எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியை, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் விட்டு, கொஞ்சம் செல்களை எடுப்பார்கள். நோய்க்குறியியல் மருத்துவர் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, பெதஸ்தா முறைப்படி ஆறு வகைகளில் ஒன்றில் சேர்ப்பார். முதலாவது, செல் போதவில்லை. இரண்டாவது சாது. ஐந்தாவது சந்தேகம், ஆறாவது புற்றுநோய். நடுவில் உள்ள மூன்றும் நான்கும்தான் வில்லங்கம், இரண்டும் கெட்டான் நிலை.

ஏன் அப்படி? தைராய்டு நுண்குமிழ்களிலிருந்து வளரும் ஃபாலிகுலர் கட்டிகளில் சாதுவானதும் கெட்டதும் செல் அளவில் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் செல்லில் இல்லை. கட்டியைச் சுற்றியுள்ள உறையைச் செல்கள் துளைத்து வெளியேறியிருக்கின்றனவா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதில் இருக்கிறது. ஊசியில் வரும் நாலு செல் அதைச் சொல்லாது. முழுக் கட்டியையும் வெட்டி எடுத்து, உறையைச் சுற்றிலும் பார்த்தால்தான் தெரியும். ஆகவே நோயைக் கண்டறிவதற்கே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி அறுக்கப்படுபவர்களில் பெரும்பகுதியினருக்குக் கடைசியில் 'சாதுதான்' என்று முடிவு வருகிறது. புதிய தொழில்நுட்பங்கள் எல்லாம் அடைக்கப் பார்ப்பது இந்த ஓட்டையைத்தான்.

அவற்றில் இன்று பல மையங்களில் கிடைப்பது எலாஸ்டோகிராஃபி. திசுவின் விறைப்பைப் படமாக்குவது. கழுத்தில் கட்டி கல்லுமாதிரி இருந்தால் மருத்துவர்கள் எப்போதுமே சந்தேகப்பட்டு வந்திருக்கிறார்கள். புற்றுநோயில் நார்த்திசு பெருகுவதும் செல்கள் அடர்ந்து கிடப்பதும் அந்தக் கடினத்துக்குக் காரணம். விரலின் அந்த அனுபவத்தை அளவாக மாற்றினால் என்ன என்ற யோசனைக்கு 1991இல் ஆய்வாளர் ஜோனதன் ஓஃபிரும் அவருடைய குழுவினரும் வழி காட்டினார்கள்.

முதலில் வந்தது ஸ்ட்ரெய்ன் முறை. கழுத்தின்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கைக்கருவியான புரோபால் கழுத்தை மெல்ல அழுத்தி விடுவார்கள். மென்மையான திசு நன்றாக நசுங்கும், கடினமானது நசுங்காது. அந்த வேறுபாட்டைக் கருவி கணக்கிட்டு, சாதாரணப் படத்தின்மேல் நிறமாகப் பூசிக் காட்டும். இதில் கவனிக்க ஒன்று உண்டு. சில கருவிகளில் கடினம் நீலம், சிலவற்றில் சிவப்பு. படத்தின் ஓரத்தில் இருக்கும் நிறப்பட்டையைப் பார்க்காமல் 'ஐயோ, சிவப்பாக இருக்கிறதே' என்று பதறக் கூடாது. இந்த முறையின் குறை, அழுத்தும் கை. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும், முடிவும் மாறும். பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும் கரோடிட் தமனியும் தன் பங்குக்குத் திசுவை அசைக்கும்.

அடுத்து வந்த ஷியர் வேவ் முறையில் கை அழுத்துவதில்லை. கருவியே ஒரு வலுவான ஒலித்துடிப்பைக் குவித்து அனுப்பித் திசுவைத் தள்ளுகிறது. குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து வளையங்கள் விரிவதுபோல, தள்ளிய இடத்திலிருந்து பக்கவாட்டில் ஓர் அலை கிளம்பும். மென்மையான திசுவில் அந்த அலை மெதுவாகப் போகும், விறைப்பான திசுவில் வேகமாகப் போகும். வேகம் நொடிக்குச் சில மீட்டர்தான், ஆனால் பயணம் செய்யும் தூரமோ சில சென்டிமீட்டர். எனவே நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்தால்தான் அதைத் துரத்திப் பிடிக்க முடியும். கருவி அதைச் செய்து, விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகிலோ, அலை நொடிக்கு எத்தனை மீட்டர் போகிறது என்ற கணக்கிலோ எண்ணாகத் தருகிறது. ஸ்கேன் செய்பவர் புரோபைச் சும்மா தொட்டதும் தொடாததுமாக வைத்துக்கொண்டு, சில நொடி மூச்சை நிறுத்தச் சொல்வார். அழுத்திப் பிடித்தால் மென்மையான கட்டியும் விறைப்பாகக் காட்டும். ஜெல்லை ஏன் இவ்வளவு தாராளமாகப் போடுகிறார்கள் என்று தோன்றினால், அழுத்தாமல் படமெடுக்கத்தான்.

சரி, இது நம் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது? ஓரளவு நல்ல பதில். கட்டி முழுக்க மென்மை என்றால் பாப்பில்லரி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது, சாதாரணப் படத்திலும் சந்தேகம் இல்லையென்றால் தைரியமாகக் காத்திருக்க அது துணை நிற்கும். ஆனால் ஃபாலிகுலர் புற்றுநோய் பல நேரம் மென்மையாகவே இருக்கும். எந்த ஓட்டையை அடைக்க வந்ததோ, அங்கேயே அதன் கை தளர்கிறது. நீர்க்கட்டியிலும், பெரிய கால்சியப் படிவு உள்ள கட்டியிலும், ஆழத்தில் கிடக்கும் கட்டியிலும் அளவு நம்பகமாக வராது. எத்தனை கிலோபாஸ்கலுக்கு மேல் போனால் சந்தேகம் என்பதற்கும் கருவிக்குக் கருவி வேறு எண். அமெரிக்க டைராட்ஸ் மதிப்பெண்ணில் விறைப்புக்கு இன்னும் இடம் கிடையாது. இதைத் தனித் தீர்ப்பாக வைத்துக்கொள்ளாமல் சாதாரண அல்ட்ராசவுண்டின் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

அப்புறம் ரத்த ஓட்டம். கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் அதிகம் என்றால் ஆபத்து என்று நெடுநாள் நம்பப்பட்டது. வண்ண டாப்ளரில் பார்ப்பார்கள். அது அவ்வளவு நம்பத்தக்கதல்ல என்று தெரிந்துவிட்டதால், டைராட்ஸ் மதிப்பெண்ணில் ரத்த ஓட்டத்தையும் சேர்க்கவில்லை. வழக்கமான டாப்ளருக்கு ஒரு சிக்கல் உண்டு. மூச்சு, துடிப்பு ஆகியவற்றால் திசு அசைவதை வடிகட்டி நீக்கும்போது, மெதுவாக ஓடும் நுண்குழாய் ரத்தத்தையும் சேர்த்து நீக்கிவிடும். மைக்ரோவாஸ்குலர் படமெடுப்பு என்று இப்போது வரும் முறைகள் திசு அசைவையும் மெதுவான ரத்த ஓட்டத்தையும் கணக்கீட்டால் பிரித்து, மருந்து எதுவும் செலுத்தாமலே நுண்குழாய்களைக் காட்டுகின்றன. பார்க்க அற்புதமாக இருக்கும். தீர்ப்பு சொல்லும் அளவுக்கு வளர இன்னும் காலம் வேண்டும்.

இதைவிட ஒரு படி மேலே போவது கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட். சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு என்ற வாயுவை மெல்லிய கொழுப்பு உறைக்குள் அடைத்த நுண்குமிழிகளைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். குமிழி சிவப்பணுவைவிடச் சிறியது, ஆகவே ரத்தம் போகும் இடமெல்லாம் போகும், குழாயைவிட்டு வெளியே கசியாது. ஒலி பட்டதும் சுருங்கி விரிந்து பளிச்சென்று எதிரொலிக்கும். சில நிமிடங்களில் குமிழி உடைந்து, வாயு நுரையீரல் வழியாக மூச்சோடு வெளியேறிவிடும். இதில் அயோடின் கிடையாது, சிறுநீரகத்துக்கும் சுமை இல்லை. புற்றுநோய்க் கட்டி பல நேரம் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாகவும் திட்டுத்திட்டாகவும் ஒளிரும். சாதுவான கட்டியின் ஓரத்தில் வளையம்போல் ஒளிர்வது வழக்கம். விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் கட்டியை வகைப்படுத்த இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் வேறோர் இடத்தில் இதன் பயன் பெரியது. அறுவைச் சிகிச்சை இல்லாமல் ரேடியோ அலை வெப்பத்தால் கட்டியைச் சுட்டுச் சுருங்கவைக்கும் சிகிச்சையில், முழுக் கட்டியும் வெந்துவிட்டதா, ஓரத்தில் உயிருள்ள பகுதி மிச்சம் இருக்கிறதா என்பதை அப்போதே காட்டிவிடும். ரத்தம் போகாத இடம் கறுப்பாகத் தெரியும். சாட்சி சொல்ல இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் இப்போது அதிகப் பேச்சு. அந்த வெள்ளைப் புள்ளி விவகாரத்தை நினைத்துக்கொண்டால் இதன் தேவை விளங்கும். ஒரே படத்தை இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். கணினி என்றால் அதே படத்துக்கு எப்போதும் அதே பதில். ஆயிரக்கணக்கான படங்களையும் அவற்றின் இறுதி முடிவுகளையும் காட்டிப் பயிற்சி கொடுத்தால், எந்த வடிவம் எந்த முடிவோடு சேர்ந்து வருகிறது என்று அதுவே கற்றுக்கொள்கிறது. சீனாவின் தியான்ஜின் நகரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அல்ட்ராசவுண்ட் படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்த ஒரு மென்பொருளின் ஆய்வு 2019இல் வெளியானது. புற்றுநோயைப் பிடிப்பதில் அது அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுகளுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. சாதுவை 'சாது' என்று சரியாகச் சொல்வதில் அவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஊசியைத் தவிர்க்க உதவுவது அதுதான்.

ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். மென்பொருளுக்குக் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் ஊசியோ அறுவைச் சிகிச்சையோ செய்யப்பட்டவர்களுடையவை, ஏனென்றால் அவர்களுக்குத்தான் உறுதியான முடிவு கையில் இருக்கிறது. அதாவது ஏற்கெனவே சந்தேகத்துக்கு ஆளானவர்கள். தற்செயலாக மாட்டிய சாதுக் கட்டிகளின் பெருங்கூட்டத்தை அது பார்த்ததே இல்லை. ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த படங்களில் பழகியது, வேறு கருவியின் படத்தில் தடுமாறலாம். பயிற்சிப் படங்களில் பாப்பில்லரி வகையே நிறைந்திருப்பதால் ஃபாலிகுலர் வகையில் அதன் அனுபவம் குறைவு. இன்னொன்றும் உண்டு. கணினி பார்ப்பது உறைந்துபோன ஒரு படத்தை. கட்டியின் எந்தக் குறுக்குவெட்டைப் படமாக்குவது என்று முடிவு செய்தது புரோபைப் பிடித்திருந்த கை. அந்தக் கை சந்தேகப் பகுதியைத் தவறவிட்டால், அதற்கப்புறம் எந்த மென்பொருளாலும் அதை மீட்டுக் கொடுக்க முடியாது. அனுபவம் குறைந்த மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் துணையாக இது வளர்ந்தால், அதுவே பெரிய நன்மை.

அணு மருத்துவத்துக்கு வருவோம். தைராய்டு அயோடினை ஈர்க்கும் சுரப்பி. கதிரியக்க அயோடினையோ டெக்னீசியத்தையோ சிறிதளவு கொடுத்துப் படமெடுத்தால், வேலை செய்யும் பகுதி ஒளிரும். 1950களிலிருந்து நடந்துவரும் சோதனை இது. ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். குறைவாக இருந்தால், அதாவது கட்டியே அளவுக்கு மீறி ஹார்மோன் சுரக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், இன்றும் இதைத்தான் எடுப்பார்கள். பளிச்சென்று ஒளிரும் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம், ஊசி தேவைப்படாது. இத்தனை புதிய கருவிகளுக்கு நடுவிலும் 'இதை ஊசி குத்தாமல் விடலாம்' என்று இவ்வளவு துணிச்சலாகச் சொல்லும் சோதனை வேறு அதிகமில்லை. ஒளிராத கட்டிதான் பெரும்பான்மை, அவற்றிலும் பெரும்பாலானவை சாதுதான்.

பெட் ஸ்கேனில் அயோடினுக்குப் பதில் கதிரியக்கக் குளுகோஸ். பசியோடு வளரும் செல்கள் அதை அதிகம் விழுங்கும். வேறு புற்றுநோய்க்காக பெட் எடுக்கும்போது தைராய்டில் ஓர் இடம் மட்டும் தனியாக ஒளிர்ந்தால், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புற்றுநோயாக இருக்கும், கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது இதன் மறுபக்கம், ஒளிராமல் இருப்பது. ஊசியில் இரண்டும் கெட்டான் முடிவு வந்தவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. பெட்டில் கட்டி ஒளிராதவர்களைக் கண்காணித்தால் போதும், ஒளிர்ந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை என்று பிரித்தபோது, பயனற்றுப்போகும் அறுவைச் சிகிச்சைகளில் 40 சதவீதத்தைத் தவிர்க்க முடிந்தது. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு அரிது. செலவும் கதிர்வீச்சும் இருக்கின்றன என்பதால் இதை எல்லாருக்கும் எடுக்க மாட்டார்கள். ஊசி மாதிரியில் மரபணு மாற்றங்களைத் தேடும் சோதனையும் இதே வேலையைச் செய்கிறது. அது படமெடுப்பு அல்ல, ஆனால் இரண்டும் கெட்டான் முடிவோடு நிற்பவர்கள் அப்படி ஒன்று உண்டு என்பதையாவது தெரிந்திருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் கட்டியின் குணத்தைப் படிக்க முதல் தேர்வு அல்ல. கட்டி மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால், மூச்சுக்குழாயை நெருக்கினால் அவை தேவைப்படும். எம்.ஆர்.ஐ.யில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன என்பதை அளக்கும் டிஃப்யூஷன் முறை ஒன்று உண்டு. செல்கள் நெருங்கிக் கிடக்கும் புற்றுநோயில் நடமாட்டம் குறையும். ஆய்வுகளில் நம்பிக்கை தருகிறது, அன்றாடப் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இன்னொன்று ஃபோட்டோஅக்கூஸ்டிக் முறை. தோலின்மேல் மிகக் குறுகிய லேசர் ஒளித்துடிப்பை அடிப்பார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அந்த ஒளியை விழுங்கி, நொடியின் சிறு துணுக்கில் சூடாகி விரியும். அந்த விரிவில் ஓர் ஒலி பிறக்கும், அதை அல்ட்ராசவுண்ட் புரோபே கேட்டுவிடும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் வெவ்வேறு நிற ஒளியை விழுங்குவதால், நிறத்தை மாற்றி மாற்றி அடித்தால் கட்டிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரியும். புற்றுநோய் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிப்பதால் அதன் அளவு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. உருவத்தைத் தாண்டி ஊசி இல்லாமலே கட்டியின் செயல்பாட்டைப் பார்க்கும் முயற்சி என்பதால் இதை ஆவலோடு கவனித்துவருகிறேன்.

இவ்வளவு கருவிகள் இருந்தும், எந்த நோயாளிக்கு எதை எடுப்பது என்பதைப் படம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சிறு வயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரா, நெருங்கிய ரத்த உறவில் தைராய்டு புற்றுநோய் உண்டா, குரல் கம்மியே கிடக்கிறதா, கட்டி வேகமாகப் பெரிதாகிறதா, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருக்கிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் மதிப்பெண் குறைவு என்பதற்காகச் சும்மா இருக்கக் கூடாது, மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாத, அறிகுறியே இல்லாத ஒருவர் 'எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே' என்று தானாகப் போய்க் கழுத்து ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. நோய்த்தடுப்புக்கான அமெரிக்க நிபுணர் குழு 2017இல் இதைத் திட்டவட்டமாகவே வேண்டாம் என்று சொன்னது.

கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் உதவும் விஷயம் ஒன்று. மதிப்பெண் 4 வந்த நம் உதாரணக் கட்டிக்கு 1, 2, 3, 5ஆம் ஆண்டுகளில் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு 12 மி.மீ. அகலம் 13 ஆகியிருந்தால் வளர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே ஒரு மில்லிமீட்டர் கூடிவிடும். மூன்று அளவுகளில் குறைந்தது இரண்டு, ஒவ்வொன்றும் 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடியிருந்தால்தான், அல்லது கன அளவு பாதிக்குப் பாதி கூடியிருந்தால்தான் அதை வளர்ச்சி என்று கணக்கில் எடுப்பார்கள். 12 x 9 x 14 என்பது 15 x 11 x 17 ஆனால் கணக்கில் வரும், 13 x 10 x 14 ஆனால் வராது. இந்த ஒப்பீடு சரியாக நடக்க, அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் தாளோடு பழைய படங்களையும், குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ எப்படி இருந்தாலும், கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அதே மையத்தில், அதே மாதிரிக் கருவியில் எடுங்கள். ரேடியாலஜிஸ்ட் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு 'மாற்றமில்லை' என்று எழுதினால், அந்தக் கட்டியை அடுத்த ஸ்கேன் வரை மறந்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.